பன்னிரண்டு மூடிகளும் சரியாக இருந்தன

ஒரு தவறைச் செய்தவரே அதைக் கண்டுபிடித்தும்விட்டால் அவரைப் பாராட்டுவதா, திட்டுவதா? இரண்டையும் செய்தால் ஒன்றுக்கொன்று நேராகி, எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிடுமா? தடித்த புத்தகங்களில் தேடினாலும் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. தடித்த புத்தகம் எதையும் தொட்டிராத ஒரு பிரேக் மெக்கானிக்கின் வீட்டில் இந்தக் கேள்வி திங்கள் முதல் வியாழன் வரை வந்து தங்கிவிட்டுப் போனது.

அவரை எல்லோரும் மூடியார் என்றுதான் அழைப்பார்கள். எதையும் திறந்து வைக்கப் பொறுக்காதவர். வண்டியில் ஒரு குழாயைக் கழற்றினால், அடுத்த வேலையைத் தொடுவதற்கு முன் அதன் வாயை அடைத்தாக வேண்டும். தூசி ஒரு துளி உள்ளே போனாலும் எஞ்சினுக்குத் தும்மல் வரும் என்பார். இதற்கென்று பழைய ரப்பரை அறுத்து, தேய்த்து, அளவு அளவாகப் பன்னிரண்டு மூடிகள் செய்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டு எண்ணுவார். பன்னிரண்டும் வந்துவிட்டால் வண்டிக்குள் எதுவும் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று அர்த்தம். கடைசி எண்ணை மட்டும் உரக்கச் சொல்வார். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. சமையலறைச் சன்னல் வழியாக "பன்னெண்டு" என்று கேட்டால் அவர் மனைவி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வாசற்கதவின் சாவித்துவாரத்தில் பஞ்சு இருக்கும். டீ டம்ளருக்கு மூடி உண்டு. ஒரு வாய் குடிப்பார், மூடுவார், இன்னொரு வாய் குடிக்கத் திறப்பார். விருந்தாளிகள் இதைப் பார்த்துப் பார்த்தே தங்கள் டீயை ஆறவிட்டுவிடுவார்கள். சுத்தமான மனிதர் என்று சொல்லலாம். அதற்குமேல் புகழ அவரே இடம் கொடுத்ததில்லை. முப்பது ஆண்டுகளாக அவருக்கு ஒரே பெருமைதான்: அவர் கைபட்டுப் போன வண்டி அதே குறையோடு திரும்பி வந்தது கிடையாது. இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவர் மூடாத ஒரே ஓட்டை அவருடைய வாய். தூங்கும்போது அது அகலத் திறந்துகொள்ளும். அதிலிருந்து கிளம்பும் குறட்டையைத் தாங்க முடியாமல் அவர் மனைவி இரண்டு காதுகளிலும் ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்ற காதடைப்பான்களைச் செருகிக்கொண்டுதான் படுப்பார். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு, தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர். சண்டை வரும்போது கணவருக்கும் டீச்சர்தான். அந்தக் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. கற்றுக்கொள்பவர் மறந்தால் டீச்சர் மிதிப்பார்.

திங்கட்கிழமை காலை அந்தக் கார் ஷெட்டுக்குள் வந்தது. பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. மூடியார் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார், சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் பேட்களையும் மாற்றினார். கைக்கு இடம் வேண்டுமென்று வழியில் நின்ற ஒரு தடித்த ரப்பர் குழாயைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். எஞ்சினிலிருந்து பூஸ்டர் என்கிற வட்டமான டப்பாவுக்குப் போகிற குழாய் அது. அதன் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலை வைத்துக்கொண்டு டப்பாவானது, மிதிக்கிறவரின் ஒரு காலுக்குத் துணையாக நாலு கால்களைச் சேர்த்துக் கொடுக்கும். வேலை முடிந்தது. குழாய்களில் இருந்த காற்றை எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மூடிகளை எண்ணினார். "பன்னெண்டு." எஞ்சின் ஓடாத நிலையில் ஒருமுறை பிரேக்கை மிதித்தார். கல் மாதிரி இருந்தது. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. மிதி கல்லாக இருந்தால் காற்றில்லை, வேலை சுத்தம். ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் டீச்சர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வாசலில் மாணவர் காத்திருந்தார்.

மாணவர் ஓய்வுபெற்ற நூலகர். நாலு தடவை டெஸ்ட்டில் தோற்றவர். தோற்றதற்கெல்லாம் ஒரே காரணம், பிரேக் மேல் அவருக்கிருந்த அளவுகடந்த பாசம். எதிரே காகம் நடந்தால் மிதிப்பார், காகத்தின் நிழல் நடந்தாலும் மிதிப்பார். ஐந்தாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. இந்தத் திங்கட்கிழமை, முதல் முனையிலேயே அவர் மிதித்தார், கார் நிற்கவில்லை. டீச்சரும் மிதித்தார், கார் மெதுவாக யோசித்தது. கடைசியில் தெருமுனைக் குப்பைத்தொட்டியை லேசாகத் தொட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றது.

ஐந்து நிமிடத்தில் கார் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. மூடியார் அப்போதுதான் டம்ளர் மூடியைத் திறந்திருந்தார்.

"பிரேக் மிதிக்க முடியலைங்க. கல்லா இருக்கு," என்றார் டீச்சர்.

"கல்லா இருந்தா நல்லதுதானே. பஞ்சு மாதிரி இருந்தாத்தான் பயப்படணும்."

"டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்," என்றார் நூலகர் பணிவாக. "நான் ரெண்டு காலாலயும் மிதிச்சேன்."

மூடியார் ஏறி உட்கார்ந்து ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். மிதித்தார். நின்றது. இன்னொரு வட்டம். நின்றது. அவருடைய கால், முப்பது வருஷம் தரையில் ஊன்றி வண்டிகளைத் தள்ளிய கால்.

"நிக்குதே."

"உங்களுக்கு நிக்கும்," என்றார் டீச்சர். "அது காலா? ஜாக்கி."

அவர் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, பூஸ்டர் பக்கம் காதை வைத்துக் கேட்டார். அந்தக் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்திருந்தால் பாம்பு மாதிரி சீறும். சீறவில்லை. எஞ்சினும் தாளம் தப்பாமல் ஓடியது. தன் காதை விடப் பெரிய கருவி உலகத்தில் இல்லை என்பது அவர் எண்ணம். அதனால் பூஸ்டரை அந்த நிமிஷமே மனத்திலிருந்து தள்ளிவிட்டார். வண்டியில் குறையில்லை என்றால் குறை எங்கே? மிதிக்கிற இடத்தில். பானெட்டை மூடிவிட்டு, டாக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டீச்சரின் காலில் பலம் குறைந்துபோயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வயசு ஐம்பதை நெருங்கும்போது அப்படித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பிற்சேர்க்கை தேவையில்லாதது. அன்று சாயங்காலம் டீ வரவில்லை.

மறுநாள், சந்தேகம் தீர, பக்கத்துக் கடைத் தையற்காரம்மாவைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னார் டீச்சர். நாளெல்லாம் தையல் மெஷினை மிதிக்கும் கால். அந்தம்மா எஞ்சின் ஓடும்போது ஒருமுறை மிதித்துவிட்டு, "இது மிதி இல்லம்மா, சுவரு" என்றார். மூடியார் அசரவில்லை. தையல் கால் ஆட்டிப் பழகிய கால், அழுத்திப் பழகாத கால், ஆகவே அந்தச் சாட்சி செல்லாது என்றார். நூலகருடைய கால் உட்கார்ந்தே பழகியது, அதுவும் செல்லாது. இப்படியாகச் சுற்றுவட்டாரத்தில் செல்லுபடியாகும் கால் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

பிறகு மனைவிக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். மாடிப்படி இருபது முறை, குதிகாலைத் தூக்கி இறக்குவது முப்பது முறை. டீச்சர் முதலில் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜன்னல் ஆடாமலிருக்க இடுக்கில் செருகினார். சாயங்காலம் பார்த்தால் படியேறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது மூடியாருக்குத் தன் வைத்தியத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு காதடைப்பானைக் காணவில்லை. கட்டிலை நகர்த்தினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், தலையணை உறைகளை உதறினார்கள். மூடியார் டார்ச் லைட்டோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய், முழு மனத்தோடு தேடினார். அகப்படவில்லை.

"ஒரு காதை மட்டும் அடைச்சுக்கிட்டா பாதிக் குறட்டைதான் கேக்கும்னு நெனச்சேன்," என்றார் டீச்சர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே. "முழுசாக் கேக்குது."

தூக்கமில்லாததால்தான் காலில் பலமில்லை என்று மூடியார் புதிதாக ஒரு கருத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கருத்தின் இரண்டாம் பாதி தன் மீதே வந்து முடிவதைக் கவனித்து, நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை டீச்சர் வகுப்புகளை நிறுத்திவிட்டார். நிற்காத பிரேக்கை வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாதவரைத் தெருவில் இறக்க மாட்டேன் என்றார். அதில் நியாயம் இருந்தது. முழங்காலுக்கு இறுக்கமான உறை ஒன்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. கோபமில்லாததுதான் மூடியாரைக் கலக்கியது.

"நாளைக்கு மத்தியானம் கால் டாக்டரைப் பாக்கப் போறேன். ஒண்ணு என் காலு சரியில்ல, இல்லன்னா உங்க கை சரியில்ல. காலுன்னா ஸ்கூலை மூடிடறேன். பக்கத்து சீட்ல மிதிக்க முடியாதவ எதுக்குக் கத்துக்குடுக்கணும்? கையின்னா, இனிமே வண்டி தம்பி கடைக்குப் போகும்."

தம்பி என்றால் டீச்சருடைய தம்பி. நாலு தெரு தள்ளி அவருக்கும் ஒரு கார் பட்டறை. கண்ணாடி அறை உண்டு, குறையை எழுத்தில் காட்டும் கம்ப்யூட்டர் உண்டு, காத்திருப்பவர்களுக்கு மீன் தொட்டி உண்டு. அது திறந்த நாளிலிருந்து எட்டு வருஷமாக மூடியார் அந்தத் தெருப்பக்கமே காலெடுத்து வைக்கவில்லை. மீனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கட்சி.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதுவரை அப்படி இறங்கியவர் இல்லை. மூடியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் சொன்ன ஒரு வார்த்தை நடந்துபோவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஷெட்டில் ஆளில்லை. காரில் ஏறி, வழக்கமாக டீச்சர் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒருமுறையும் மிதித்ததில்லை. தன் காலை நம்பக் கூடாது என்று முடிவு செய்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலாலும் அடுத்த விரலாலும் மட்டும், ஒரு சீமாட்டி மாதிரி, மிதியை அழுத்தினார். அசையவில்லை. விரல்தான் சுளுக்கிக்கொண்டது.

பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது. கடினமான மிதிக்கு ஒரு சோதனை உண்டு, ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து, டப்பாவில் மிச்சமிருக்கும் உறிஞ்சலைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பூஸ்டர் வேலை செய்தால் மிதி காலடியில் தானாகக் கொஞ்சம் இறங்கும். மனைவியின் காலைச் சோதித்த வேகத்தில் காரை இப்படிச் சோதிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். நாலு முறை மிதித்தார், பிடித்தார், சாவியைத் திருப்பினார். மிதி இறங்கவில்லை. மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் அது அவரை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பானெட்டைத் திறந்து, அந்தத் தடித்த குழாயைப் பூஸ்டர் பக்கம் உருவி, எஞ்சின் ஓடும்போதே அதன் வாயில் விரலை வைத்தார். எஞ்சினின் உறிஞ்சல் விரலை இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. எஞ்சினை அணைத்தார். எஞ்சின் பக்கத்துக் கிளிப்பைத் தளர்த்திக் குழாயின் மறுமுனையைக் கழற்றினார். குறுகலான வாயில், அளவெடுத்துச் செய்ததுபோல், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மெத்தென்று உட்கார்ந்திருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை எழுந்தபோது அது அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியிடம் கொடுக்கலாமென்று பையில் போட்டுக்கொண்டார். ஷெட்டில் இந்தக் குழாயைக் கழற்றியபோது டப்பாவிலிருந்த பன்னிரண்டு மூடிகளில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. கை தானாகப் பைக்குள் போனது. என்ன கச்சிதம் என்று ஒரு நிமிஷம் ரசித்தது கூட ஞாபகம் வந்தது. கடைசியில் எண்ணினார், பன்னிரண்டு சரியாக இருந்தது. பதின்மூன்றாவதை எண்ணும் வழக்கம் அவரிடம் இல்லை. ஓட்டை இல்லாததால் சீறவில்லை. அடைத்ததால்தான் ஓட்டை இல்லை. உலகத்திலேயே பெரிய கருவியான அவருடைய காதை ஒரு காதடைப்பான் ஏமாற்றிவிட்டது.

கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரப் போட்டுவிட்டுக் குழாயை மாட்டினால் போதும். டீச்சர் திரும்பி வருவார், மிதிப்பார், மிதி வெண்ணெய் மாதிரி இறங்கும். படியேறிய பலன் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஸ்கூல் பிழைக்கும், முப்பது வருஷப் பெருமை பிழைக்கும், மீன் தொட்டிக்காரனுக்கு ஒரு வண்டி குறையும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத பொய். அல்லது, வந்ததும் கையை நீட்டி உண்மையைச் சொல்லலாம். அதற்கும் வாய் இருந்தது. ஆனால் செய்தவரே கண்டுபிடித்தார் என்று பாதித் திட்டு தள்ளுபடியாகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். காதடைப்பானை இரண்டு விரல்களால் உருட்டி மெலிதாக்கி, குழாயின் அதே வாயில், அதே ஆழத்தில் திரும்பச் செருகினார். குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கினார். தையற்காரம்மாவிடம், டீச்சர் வந்தால் தம்பி கடைக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார். நாலு தெருவையும் முதல் கியரிலேயே கடந்தார். ஒரு கை ஹாரனில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாத குறைதான். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் முந்திப்போய், திரும்பிப் பார்த்து, பயப்படாமல் ஓட்டும்படி தைரியம் சொன்னார்.

மைத்துனர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, காரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"பிரேக் கல்லா இருக்குன்னு உங்கக்கா சொல்றா, மாப்ள. எனக்குப் பிடிபடல. நீ பாரு."

'பிடிபடல' என்கிற சொல் அவர் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. மைத்துனர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பார். முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அதற்குள் டீச்சரும் வந்துசேர்ந்தார். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, இந்தக் காலால் சுவரைக்கூட உதைத்துத் தள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். தம்பி கடை வாசலில் கணவர் நிற்பதைப் பார்த்ததும் டீச்சர் அதைச் சொல்ல மறந்துபோனார்.

மைத்துனர் முதலில் கம்ப்யூட்டரை மாட்டினார். எல்லாம் நலம் என்று அது பச்சை எழுத்தில் சொன்னது. பிறகு சக்கரங்களைக் கழற்றி பேட்களைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார், மிதியின் கீலுக்கு எண்ணெய் விட்டார். போகாத இடமெல்லாம் போனார். மூடியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தவித்தார். நேரம் போகப்போக அவரால் தாங்க முடியவில்லை.

"எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நாலு மிதி மிதிச்சுப் பாக்கலாமோன்னு சும்மா தோணுது," என்றார், மீன்களைப் பார்த்தபடி.

"அது நீங்க செஞ்சு பாத்திருப்பீங்களே, மாமா."

"நான் செஞ்சா என்ன, நீ செஞ்சா என்ன. கால் வேற வேற இல்லையா."

மைத்துனர் மிதித்தார், பிடித்தார், கிளப்பினார். மிதி இறங்கவில்லை. அவர் கண்கள் சிறுத்தன. பூஸ்டர் பக்கத்து முனையைக் கழற்றி விரலை வைத்தார். பிறகு மறுமுனைக் கிளிப்பில் கைவைத்து, ஒரு கணம் நின்று, மாமாவைப் பார்த்தார். மூடியார் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். குழாய் வந்தது. குறட்டின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வெளியே வந்தது.

டீச்சர் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் காதாச்சே."

அதற்குப் பிறகு அங்கே அரைமணி நேரம் வேலை நடக்கவில்லை. மைத்துனர் காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். டீச்சர் முழங்கால் உறையைக் கழற்றி, அதனாலேயே கணவரின் முதுகில் இரண்டு போட்டார்; பிறகு தானும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அந்த உறையைத்தான் பயன்படுத்தினார். மூடியார் தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். செய்தி அவருக்கு முன்பாக நாலு தெருவையும் தாண்டிப்போய், வீட்டுக்குத் திரும்பும்போது தையற்காரம்மா வடிவில் வாசலிலேயே காத்திருந்தது. கைபட்ட வண்டி திரும்பி வந்ததில்லை என்ற பேச்சை அவர் அன்றோடு விட்டுவிட்டார். யாராவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்துபோய்விடுவார்.

மறுநாள் நூலகர் ஐந்தாவது முறையும் தோற்றார். மிதி மெத்தென்று ஆகிவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பழக்கத்தில் இரண்டு காலாலும் மிதித்தார். டெஸ்ட் எடுத்த அதிகாரியின் மூக்குக்கண்ணாடி பறந்து ஓட்டுநரின் மடியில் விழுந்தது. வாகனம் நன்றாக நின்றது என்று மட்டும் அதிகாரி எழுதிக்கொடுத்தார். டீச்சரின் கார் சொன்னபடி தம்பி கடைக்குப் போக ஆரம்பித்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் மைத்துனர் அக்காவிடம் அதைச் சொன்னார். எஞ்சின் பக்கத்துக் கிளிப்பின் மேல் தூசி இல்லை, திருகில் புதுக் கீறல் மின்னியது, பிசுக்கில் ஈரம் காயாத விரல்தடம் இருந்தது. அவர் கழற்றுவதற்குச் சற்று முன்னால்தான் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். திறந்தவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பாத்துட்டீங்கல்ல? எங்க தம்பி கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே பாத்துட்டீங்கல்ல? அப்புறம் எதுக்குத் திரும்ப உள்ள வச்சீங்க?"

மூடியார் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்து, மூடியை எடுத்து, அது சரியாகப் பொருந்தும்வரை ஒரு சுற்றுத் திருப்பி, மூடினார்.